புவனேந்திரன் சொன்ன பொய்

மெர்லிமாவ் டவுனில் புவனேந்திரனுக்கு ஒரு பெயர் உண்டு. மற்ற கடைக்காரர்கள் கைவிட்ட லேப்டாப்பையும் எழுப்பிவிடுவார் என்பார்கள். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் சர்க்யூட் போர்டு சோதித்தவர். அந்த வேலை போன பிறகு போட்டதுதான் இந்த லேப்டாப் பழுதுபார்க்கும் கடை.

போன வருடம் லுத்ஃபியா ஒரு லேப்டாப்போடு வந்தாள். மளிகைக் கடை நைனா முகம்மதுவின் மகள். ஆயர் குரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு. ஆய்வுக்காகப் பழைய வியாபாரக் குடும்பங்களைத் தேடித் தேடி இரண்டு வருடமாக எடுத்த பேட்டிகள் அதற்குள் இருந்தன.

"அத்தா கை பட்டு தேத்தண்ணி கொட்டிடுச்சுண்ணே. லேப்டாப் போனா போகட்டும்லா, உள்ள இருக்கறது கிடைச்சா போதும்."

"வேற எங்கயும் சேவ் பண்ணி வைக்கலையா?"

"பாதிதாண்ணே."

புவனேந்திரன் போர்டைக் கழற்றினார். ஓரத்தில் சர்க்கரைப் பிசுக்கு, அதன் மேல் பச்சை பூத்திருந்தது. ஆல்கஹாலால் தேய்த்துத் துடைத்துவிட்டு, மீட்டரை வைத்து ஒவ்வொரு மின்வழியாக அளந்தார். மூன்று வோல்ட் ஓடும் வழியில் ஷார்ட். கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம் ஏதோ ஒன்று செத்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரே ஒரு வோல்ட் கொடுத்தால் பழுதானது மட்டும் சூடேறும். அதன் மேல் தடவிய ஆல்கஹால் முதலில் உலர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். நூறு தடவை செய்த வேலை.

ஆனால் மின்சாரம் கொடுக்கும் பெட்டி பத்தொன்பது வோல்ட்டில் நின்றது. காலையில் வேறொரு லேப்டாப்புக்காக ஏற்றி வைத்ததைக் குறைக்க மறந்திருந்தார். கம்பியை வைத்ததும் 'டிக்' என்று சத்தம். கெப்பாசிட்டர் வெடித்து, ஷார்ட் விலகி, பத்தொன்பது வோல்ட்டும் அதே வழியிலிருந்த நினைவகச் சில்லுக்குள் பாய்ந்தது. பேட்டிகள் இருந்த இடம் அதுதான். கம்பியைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் லுத்ஃபியா வந்தாள்.

"தேத்தண்ணி ரொம்ப உள்ள போயிடுச்சு தங்கச்சி. எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிருக்கு." வாய் தானாகச் சொன்னது.

லுத்ஃபியா போர்டை எடுத்துப் பையில் போட்டாள். பிறகு, "பரவால்லண்ணே, நீங்க முயற்சி பண்ணீங்களே" என்றாள். கூலி வேண்டாம் என்றார். அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்துப் பருப்பு வாங்க நைனா முகம்மதுவின் கடைக்குப் போனார். பெரியவர் எழுந்து வந்தார்.

"ரொம்பப் பாடுபட்டீங்களாம், பிள்ளை சொன்னுச்சு. எல்லாம் இந்தக் கை பண்ணுன வேலை தம்பி. இப்பல்லாம் அது படிக்கிற மேசைப் பக்கமே நான் போறதில்ல."

 புவனேந்திரன் பருப்பு வாங்காமலேயே மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

வீட்டில் மனைவி மலர்விழியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? தப்பு தன்னோடதுன்னு அந்தப் பெரியவருல்ல நினைச்சுக்கிட்டிருக்காரு" என்றாள்.

மறுநாள் காலை மளிகைக் கடைக்குப் போனபோது லுத்ஃபியாவும் கல்லாப்பெட்டியருகே இருந்தாள். அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இரண்டு தடவை சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

"பாய், உங்க கை கெடுக்கல. என் கைதான். பேட்டியையெல்லாம் காப்பாத்தியிருக்கலாம். நாந்தான் மின்சாரத்தைக் கூட்டி வச்சு எரிச்சுட்டேன். அப்புறம் பொய்யும் சொன்னேன்."

 லுத்ஃபியாவின் முகம் சிவந்தது.

"தப்பு யாருக்கும் வரும்ணே. ரெண்டு வாரமா எங்கத்தா எங்கூட உக்காந்து சாப்பிடல. அது உங்களுக்குத் தெரியுமா?"

 பெரியவர் மகளின் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றார். பிறகு புவனேந்திரனைப் பார்த்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லுத்ஃபியா அழிந்துபோன பேட்டிகளை மறுபடி எடுத்து, ஒரு கல்வித் தவணை தாமதமாகப் படிப்பை முடித்தாள். ஊர் ஊராகக் காரோட்டிக் கூட்டிப்போனது அவள் அத்தாதான் என்று கேள்விப்பட்டார் புவனேந்திரன். அந்தக் கார் டவுனில் எதிர்ப்பட்டால் இன்னும் தலை குனிந்துகொள்கிறார். பெரியவர் எப்போதாவது கையசைப்பார். அந்தப் பெண் அசைப்பதில்லை.