தீவிலிருந்து வந்த 212 வரைபடங்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எங்கள் காஜிதானி குடும்பத்தில் கதை கட்டிப் பிழைத்தவர் எவரும் இல்லை. 1991 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் என் கண்ணெதிரே நடந்ததை எழுதுகிறேன்.

கப்பல் ப்ரொப்பெல்லர் வார்ப்பது எங்கள் தொழில். மூத்த மகன் நான். ஆனால் அப்பா, என் தங்கை சனாயேவின் கணவன் குனிஹிகோவைத் தத்தெடுத்து, எங்கள் குடும்பப் பெயரைக் கொடுத்து, பட்டறையையும் அவனிடம் ஒப்படைத்தார். ஒற்றைப் பெட்டியோடு வந்தவன். எனக்கு வயிறு எரிந்தது. அவன் கடலில் மூழ்கிச் செத்து ஒன்பது மாதம் ஆன பிறகும் எரிந்தது.

தீவில் இருக்கும் எங்கள் பட்டறையின் பழைய யுனிக்ஸ் கம்ப்யூட்டரில் 212 வரைபடங்கள் இருந்தன. கரையில், ஓனோமிச்சி ஊரில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு முந்தைய மாதம் வந்த யுனிக்ஸ் வேறு கம்பெனியுடையது. பழையதன் காந்த நாடாவை அது படிக்கவில்லை. டெலிபோன் லைனில் இழுப்பது ஒன்றே வழி. நான்கு நாளாக இழுத்தேன். பாதியில் நின்றது. வந்ததும் குப்பையாக வந்தது. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தேறவில்லை.

மதியச் சாப்பாட்டில் அப்பா சொன்னார். "குனி இருந்தா அரை மணியில முடிச்சிருப்பான்."

"அப்ப அவனையே கூப்பிடுங்க. வந்து முடிக்கட்டும்."

அப்பா மிசோ சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாளைக்குக் காலையில வரைபடம் வரணும். வந்தா பட்டறை உனக்கு. இல்லேன்னா சனாயே மகனுக்கு."

மணி 2:10. அலுவலகத்தில் நான் மட்டும். வெளியே மழை. மோடம் கீச்சிட்டது. தீவு இயந்திரம் டெர்மினல் திரையில் வந்தது.

2:35. நாற்பத்தேழாவது வரைபடத்தில் நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடி நாற்பத்தேழு.

3:05. திரையில் தானாக ஒரு வரி வந்தது.

"அண்ணே, லைன்ல ஒரு எழுத்துக்கு ஏழு பிட்தான் போகுது. ஜப்பானிய எழுத்துக்கு எட்டும் வேணும்."

தீவில் ஞாயிறன்று யாரும் இல்லை. பட்டறைச் சாவி என் பையில் இருந்தது.

எல்லா எழுத்தும் குப்பையாக வந்த லைன் அது. இந்த வரி மட்டும் எப்படித் தெளிவாக வந்தது...

"யாரது?" என்று தட்டினேன்.



டக்... ஓர் எழுத்து. டக்... இன்னொன்று. கட்டளைகள் தாமாக விழுந்தன. குனி ஒற்றை விரலால்தான் தட்டுவான்.

என் கை விசைப்பலகையில் இல்லை.

நாற்பத்தெட்டு... நாற்பத்தொன்பது... ஐம்பது...

3:42. கடைசி வரைபடம்.

"முடிஞ்சுது அண்ணே. நீங்களே செஞ்சதா அப்பாகிட்ட சொல்லிக்குங்க."

செத்தும் எனக்குப் பிச்சை போட்டான்.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன். "நான்தான் செஞ்சேன்." காஜிதானி வீட்டில் நான் சொன்ன ஒரே பொய்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொரு வரைபடத்தின் பக்கத்திலும் அதை இயந்திரத்தில் வைத்தவர் பெயர் இருக்கும். என் கணக்கிலிருந்து இழுத்ததால் என் பெயர்தான் இருக்க வேண்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டிலும் 'குனி'.

"ஆக, இதையும் அவன்தான் செஞ்சானா" என்றார். பட்டறை சனாயே மகனுக்குப் போயிற்று.

புதன்கிழமை, பெயரை மாற்றித் தர இயந்திரக் கம்பெனி ஆளை வரவழைத்தேன். அவர் பயனர் பட்டியலைத் திரையில் திறந்தார்.

"காஜிதானி ஐயா, குனின்னு யாரையும் இந்த மெஷின்ல நாங்க பதியவே இல்லையே."

"அப்ப அந்தப் பேரு?"

"தெரியல ஐயா. ஆனா ஆள் இப்பவும் லாகின் பண்ணி உள்ளதான் இருக்கார்னு காட்டுது... ஞாயித்துக்கிழமை 3:42லேருந்து."