மோரிஸா, ஃபியட்டா?

கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் பழைய கார் வாடகைக்கு விடுகிறவன் வண்டியை ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம். வீட்டில் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னிடம் இரண்டு இருந்தன: இங்கிலாந்து மோரிஸ் மைனர், இத்தாலி ஃபியட். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுவதென்று முடிவானது. இனி ஒரு வண்டிக்குத்தான் இடம். இன்னொன்றை விற்றே ஆகவேண்டும். எதை என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது நினைவுக்கு வந்தவை இவை.

தலைக்கு மேலே

பெங்காலி மாப்பிள்ளைகள் தலையில் தோப்பர் வைப்பார்கள். நெட்டியில் செய்த உயரமான வெள்ளைக் கிரீடம். எல்லோரும் வாட்ஸப்பில் படம் பார்த்தே கார் புக் பண்ண, பெஹாலாவிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் மாமா தோப்பரோடு நேரில் வந்துவிட்டார். அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஃபியட்டில் ஏறினார்; இடித்தது. மோரிஸில் ஏறினார்; அங்கேயும் இடித்தது. மறுபடி ஃபியட்.

"கார்ல போறப்ப மடியில வச்சுக்கலாமே, தாதா" என்றேன். அவர் தோப்பரைக் கழற்றாமலே சொன்னார்: "மடியில வச்சுக்கறதுக்கு டாக்சி போதுமே, சேகர்பாபு."

நடிக்கத் தெரியாத வண்டி

டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் ஒரு சீரியல். கார் கிளம்பாது, கதாநாயகி கோபித்துக்கொண்டு இறங்கிப் போவாள். அதுதான் காட்சி. என் ஃபியட் தொட்டதும் கிளம்பிவிடும். மோரிஸோ மழை நாளில் ரொம்ப யோசிக்கும். அன்றைக்கு நல்ல மழை. நம்பிக்கையோடு மோரிஸைக் கொண்டுபோனேன்.

ஒவ்வொரு டேக்கிலும் அது ஜம்மென்று கிளம்பியது. கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் எடுத்தார்கள். டைரக்டர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "சேகர்தா, வீட்டுல நிஜமா பண்றதைக் கூட உங்க வண்டிக்கு இங்க பண்ணிக் காட்ட வரலையே."

ஏரியைச் சுற்றி

வாங்க வந்தவர் பாங்க்கில் ரிட்டயரான நம்மூர்க்காரர், மனைவியோடு. மோரிஸைத் தொட்டார், "பார்ட்ஸ் கிடைக்காது சார்" என்றேன். ஃபியட்டைத் தொட்டார், "முன்கதவு எதிர்ப்பக்கமாத் திறக்கும் சார்" என்றேன். இரண்டையும் விட மனசில்லை; மோரிஸ் போனாலாவது தாங்கிக்கொள்வேன். ஃபியட் போகக்கூடாது. கமலாவைக் கல்யாணம் பண்ணி அதில்தான் அழைத்துவந்தேன்.

இரண்டையும் பக்கத்து ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். நான் பின்சீட்டில். மோரிஸில் அந்த அம்மாள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாகவே உட்கார்ந்து வந்தார். ஃபியட்டில் முன்சீட் ஒரே நீளம். கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். ஒரு திருப்பத்தில் கணவர் பக்கம் நகர்ந்தவர், அப்புறம் திரும்பி நகரவே இல்லை. சொல்வதற்கு என்னிடம் இன்னும் நாலு குறை மிச்சமிருந்தது. அவற்றை விட்டுவிட்டு ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வண்டி நின்றதும் அந்த அம்மாள் சொன்னார்: "இத்தனை வருஷமா இவர் ஓட்டின கார்லல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கியர்தான் உக்காந்துண்டிருந்தது. இதைக் குடுத்துடுங்கோ, சார்."

கொடுத்துவிட்டேன், இப்போதெல்லாம் மோரிஸில் ஏறும்போது கமலா முதலில் நடுவிலிருக்கும் கியரைப் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள்.