தீக்காயப் பிரிவுக்கு ஒரு பெயர்

இதையெல்லாம் நம் ஊர்க் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் யாரிடமும் சொல்ல வரவில்லை.

எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையில் புதிதாகத் தீக்காயப் பிரிவும், அதன் மேலே ஆராய்ச்சிக்கூடமும் கட்டப்போகிறார்கள். அதற்கு நன்கொடை கேட்டுப் போவதுதான் என் வேலை. இன்று பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை. முதலாளியிடம் வரைபடத்தை விரித்து, "வாசல்ல உங்க கடைப் பேரு பெருசா வரும் சார்" என்றேன்.

பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டார் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பதறிப்போய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, முகூர்த்தப் புடவை எடுத்துக்கினு இருக்கிறாங்க, நீ வந்து தீ, காயம்னு பேசிக்கினு இருக்கிறியே! அந்த வாசல்ல எங்க பேரைப் பார்த்தா கல்யாணத்துக்கு யாரும்மா இங்க வருவாங்க?"

"சாரி சார்."

"குடுக்க மாட்டேன்னு சொல்லலை. பிரசவ வார்டு கட்டினா சொல்லு, மொத்தமும் எங்களுது."

அவருக்குக் கோபமில்லை, காபிகூட வரவழைத்தார். இந்த வாரம் ஏறிய கடைகளில் எல்லாம் இதே பதில்தான். யாருமே கட்டாத பிரசவ வார்டுக்கு இப்போதே அடிதடி. தீப்பட்டவர்கள் மட்டும் இன்னும் சென்னை வரைக்கும் ஆம்புலன்ஸில் துடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஒன்று கேட்கலாமா? அந்த வாசலில் தன் பெயர் இருந்தால் பரவாயில்லை என்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், நாளை என்னோடு வந்து அறிமுகப்படுத்துங்கள். தனியாகப் படியேறக் கூச்சமாக இருக்கிறது.