மூன்று தட்டு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அதற்கென்ன ஷிப்டா போட்டிருக்கிறார்கள்? இது பட்டப்பகலில் நடந்தது. நடந்தது என்றால் நடந்ததுதான். நம்பாதவர்கள் ஒரு கண்டெய்னருக்குள் ஏறி நின்று கதவைச் சாத்தச் சொல்லிப் பார்க்கலாம். நான் வெளியே காவல் இருக்கிறேன்.

அவர் ஒரு லாரி டிரைவர். பின்னால் வருகிற மாட்டுவண்டிக்குக்கூட வழி விடுவார் என்பதால் எல்லோரும் அவரை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் பெட்டியை ஏற்றி, எல்லை தாண்டி, அடுத்த நாட்டுத் தொழிற்பேட்டையில் இறக்குவது அவர் பிழைப்பு. அந்த நடையில் மச்சினனும் கூட வந்தான். துறைமுகத்தில் சுமைக்காரர்களுக்கு அவன்தான் மேஸ்திரி. இஞ்சின் நின்றாலும் அவன் வாய் நிற்காது. “இங்க பேச்சு அடங்கட்டும் மாமா, ஒரு நடை வந்துட்டுப் போறேன்” என்றான். “என் தம்பியைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க” என்று மனைவி சொல்லி அனுப்பினாள்.

என்ன பேச்சு? துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைச் சாத்தியதும், முத்திரை போடுமுன், கதவில் மூன்று தட்டு தட்டிக் காது கொடுக்க வேண்டும். வெயில் நேரத்தில் சுமைக்காரர்கள் உள்ளே நிழலில் கண்ணயர்ந்துவிடுவார்கள். போன மாதம் வேறொரு வண்டிக்கு மச்சினன் தட்டவில்லை. முத்திரை போட்ட பிறகு உள்ளேயிருந்து தட்டு கேட்டது. “முத்திரைய உடைச்சா யாருடா பதில் சொல்றது? சரக்கு உருளுது, போய் வேலையைப் பாருங்க” என்று வண்டியை அனுப்பிவிட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் கதவைத் திறந்தபோது, ‘ஒல்லி’ என்ற சுமைக்காரன் கதவோடு சாய்ந்து கிடந்தான். விரல்களில் நகமே இல்லை. திருட்டுத்தனமாக எல்லை தாண்டப் பார்த்தவன் என்று சொல்லி விஷயத்தைப் புதைத்தார்கள்.

நிதானத்துக்கு ஒல்லியைத் தெரியும். வண்டியைக் கண்டால் “அண்ணே” என்று ஓடி வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவான்.

இந்தத் தடவை நிதானம் காகிதங்களுக்காகக் கவுண்டரில் நின்றிருந்தார். பெட்டிக்கு முத்திரை போட்டது மச்சினன்தான். போட்டுவிட்டு வந்து ஏறினான்.

ஏறியவன் பேசவில்லை.

“என்ன மாப்ள, வாய்க்கும் சேர்த்து முத்திரை போட்டுட்டியா?”

சிரித்தான். அவ்வளவுதான்.

கேபினுக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. நிதானத்தின் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். மச்சினனுக்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. மறுநாள் காலையிலும் அவன் தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கப்படவில்லை. இரண்டு கை விரல்களையும் உள்ளே மடக்கியே வைத்திருந்தான்.

மதியம் இரண்டு மணிக்கு எல்லை வந்தது. நீள வரிசை. நிதானம் இஞ்சினை அணைத்தார்.

டக்... டக்... டக்...

பின்னாலிருந்து.

“மாப்ள, கேட்டுச்சா?”

“சரக்கு உருளுது.”

வண்டி நிற்கிறது. நிற்கிற வண்டியில் சரக்கு எப்படி உருளும்?

எடைமேடையில் இருவரும் இறங்கி நின்றார்கள். எடை போடுகிறவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “உள்ள இருக்கிற ஆளையும் இறங்கச் சொல்லுங்க.”

“எல்லாரும் இறங்கியாச்சு சார்.”

“துறைமுக எடைச்சீட்டைவிட ஒரு ஆள் எடை கூடுதலா இருக்கே? சரி, முப்பது டன்னுல இது ஒரு எடையா? போங்க.”

துறைமுகத்தில் முதலில் எடை. பிறகுதான் முத்திரை. நடுவில் ஏறியது எது?

மறுபடி வரிசை. மறுபடி தட்டு. இப்போது வேகமாக. கூடவே தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம்... க்ரீச்... க்ரீச்...

நிதானம் கம்பி வெட்டும் கட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். சுங்கத்துக்குச் சொல்லாமல் முத்திரையை வெட்டினால் வண்டி பறிமுதல். கண்காணாத நாட்டில் ஜெயில். சொல்லலாம் என்றால், பெட்டிக்குள் பேய் தட்டுகிறது என்றா சொல்வது?

உள்ளேயிருந்து ஒரு குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

“மா... மா...”

“திறக்காதீங்க அண்ணே.”

காதருகில். மச்சினன் எப்போது இறங்கினான்? கதவுச் சத்தமே கேட்கவில்லை.

“செத்தவன் தட்டுறான். குரலை மாத்திக் கூப்பிடுவான். திறந்தீங்கன்னா உங்களையும் இழுத்துக்குவான்.”

அண்ணேயா? மச்சினன் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை...

ஆனால் உள்ளே தட்டுவது செத்தவன்தான் என்றால்? நிதானம் கட்டரைக் கீழே போட்டார்.

தட்டு மெதுவானது.

டக்...

டக்...

மூன்றாவது தட்டு வரவே இல்லை.

மறுநாள் தொழிற்சாலை வாசலில் வண்டி நின்றது. “கை கழுவிட்டு வர்றேன் அண்ணே” என்று அவன் இறங்கிப் போனான். திரும்பி வரவில்லை.

முத்திரை எண்ணைச் சரிபார்த்தார்கள். சரியாக இருந்தது. வெட்டினார்கள். கதவு திறந்தது.

கதவோடு சாய்ந்து மச்சினன் கிடந்தான். விரல்களில் நகமே இல்லை. உயிர் போய் ஒரு நாள்தான் ஆகிறது என்றார் டாக்டர்.

மனைவியிடம் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடிய கேள்வியா அது?

வெறும் வண்டியோடு துறைமுகம் திரும்பியபோது, வாசல் காவலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அன்னைக்கு உங்க மச்சினன் முறைப்படி மூணு தட்டு தட்டினாருங்க. அவர் அப்படித் தட்டி நான் பார்த்ததே இல்ல. உள்ளேருந்து பதிலுக்கு மூணு தட்டு வந்துச்சு. எதிரொலின்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“சிரிச்சுக்கிட்டே முத்திரை போட்டாரு.”