பல்செட்டை யார் கழற்றுவது?

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்க்கிறாள் நெவெங்கா. சூடு போதவில்லை. இன்னொரு தரம் தேய்க்கிறாள். "ஜில்லுனு கையை வெச்சா செத்த மீனுகூடத் துள்ளும்" என்பாள். ஷிபெனிக் என்னும் துறைமுக ஊரின் நகராட்சி முதியவர்களைக் கவனிக்க வீட்டுக்கு அனுப்பும் பணியாளர்களில் ஒருத்தி. அறுபது வயதில், நாளுக்கு ஆறு வீடு. எல்லாம் மாடிப்படி.

படுத்திருப்பவரிடம் ஊர்வம்பு முழுவதும் பேசுவாள். வீட்டார் மட்டும் அறைக்குள் நிற்கக் கூடாது. "பாசம் உங்க வேலை, முதுகு தேய்க்கறது என் வேலை. ரெண்டையும் கலக்காதீங்க."

ஃபிரானே வீட்டிலும் அப்படித்தான். படகுத்துறையில் டிக்கெட் ஜன்னலுக்குள் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை. மகள் டுன்யா வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்கிறாள். நெவெங்கா உள்ளே இருக்கும் நாற்பது நிமிடமும் கூடத்தில் காத்து நிற்பாள்.

மார்ச்சில் ஒருநாள் ஃபிரானே சாப்பாட்டை நிறுத்தினார். மூன்று நாளாக ரவைக்கஞ்சிக்குக்கூட வாய் திறக்கவில்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் மருத்துவமனையில் மூக்குவழிக் குழாய்தான் என்றுவிட்டார் மருத்துவர்.

"அப்பாவுக்கு வாழ்க்கையே அலுத்துப்போச்சுக்கா" என்று கதவோரம் நின்று அழுதாள் டுன்யா. "தண்ணி குடிக்கிறாரு. கரண்டியைக் கண்டாத்தான் கன்னத்தைப் பொத்திக்கிறாரு."

நெவெங்காவின் கை நின்றது. "பல்செட்டை எப்பக் கழட்டின?"

"நானா? நீங்கதானே கழட்டுவீங்க?"

"நான் சாயங்காலம் வந்தவரைக்கும் கழட்டினேன். என் நேரத்தைக் காலைக்கு மாத்தினப்புறம் ராத்திரி நீ கழட்டுவேன்னு நெனச்சேன்."

மாற்றிப் பத்து நாள் ஆகியிருந்தது. நெவெங்கா கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வா. தலையைப் பிடிச்சுக்க."

நெவெங்கா எவ்வளவு கெஞ்சியும் தாடை இளகவில்லை. டுன்யா குனிந்து அவர் காதில், "அப்பா, வரிசை தெருவரைக்கும் நிக்குது. ஜன்னலைத் திறங்க" என்றாள். வாய் திறந்தது. செட்டு வெளியே வந்தது. கீழ் ஈறில் மிளகளவு புண், சிவந்து கிடந்தது.

"என் தப்பு" என்றாள் நெவெங்கா.

"நானும்தானேக்கா..."

"சரி, சரி. கஞ்சியை ஆத்திக் கொண்டா."

அவர் வாயைக் கழுவிவிட்டு நெவெங்காவே ஊட்டினாள். பொக்கை வாயால் கிண்ணம் முழுவதையும் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டுமென்று கிண்ணத்தைத் தட்டினார் ஃபிரானே. தொலைபேசியில் கேட்டதும் மருத்துவர் சிரித்தேவிட்டார்: குழாய் வேண்டாம், புண்ணுக்குக் களிம்பு போதும்.

இரண்டாவது கிண்ணம் முடிவதற்குள் டுன்யா கட்டிலோரம் தலைசாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். லேசாகக் குறட்டை. நெவெங்கா ஒரு கம்பளியை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். கதவை ஓசையில்லாமல் சாத்தினாள். டக்டக்கென்று சத்தம் போடும் கட்டைக்குதி செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, சில்லிட்ட கல்படிகளில் வெறுங்காலோடு இறங்கினாள்.