சிங்கப்பூருக்கு ஒரு சாம்பிள்

கல்யாணத்தன்று, போடி தேவாலயத்தில், பாதிரியார் கேட்ட கேள்விக்கு ஞானசிகாமணி உடனே பதில் சொல்லவில்லை. மணப்பெண்ணின் முக்காட்டை இரண்டு விரலால் தூக்கி, உள்ளே இருப்பது பெண் பார்க்கப் போன வீட்டில் காபி கொடுத்த அதே சுகிர்தம்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகுதான் "சம்மதம்" என்றார். சபையே சிரித்தது. சுகிர்தம் சிரிக்கவில்லை. வாழப் போகிறவள் அவள்தானே.

கடைவீதியில் அவருக்கு ஏலக்காய் மண்டி. மலையிலிருந்து இறங்கும் மூட்டைகளில் மேலே பச்சைப் பசேலென்று பருத்த காய் சிரிக்கும். அடியில் வெளிறிய பொக்கு, விதை பிடிக்காத வெறுங்காய், ஒளிந்திருக்கும். அதனால் விற்கிறவன் தட்டில் எடுத்து நீட்டும் சாம்பிளை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் விட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். ஒரு காயை உடைப்பார், கடிப்பார், துப்புவார். துப்பிய பிறகும் விற்றவன் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். தொழிலில் இது நல்ல குணம். அவர் தொழிலைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

குடும்பத்தோடு வெளியூர் போவதற்கு அவர் மறுத்ததே கிடையாது. போய்ச் சேர்ந்ததும் கிடையாது. கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, கடையைப் பூட்டினோமா என்று பெரியகுளத்தில் சந்தேகம் வந்து திரும்பினார்கள். கன்னியாகுமரி பயணம் மதுரையோடு முடிந்தது. லாட்ஜ்காரன் முழி சரியில்லை. தேக்கடிக்குப் போய்ப் படகுத்துறையை எட்டியது ஒன்றுதான் சாதனை. படகில் ஏறுமுன் அதன் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு போய்விட்டது.

எண்பத்து மூன்றாம் வருஷம், மகள் சாராள் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில், சுகிர்தம் முடிவாகச் சொல்லிவிட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்கிற வழக்கம் இல்லை.

"ஜூன்ல சாராள் நர்ஸ் படிப்புக்கு வேலூர் போயிருவா. அப்புறம் அவ விருந்தாளி. அதுக்கு முன்னால நாம நாலு பேரும் ஒரே ஒரு எடத்துக்காச்சும் போயிச் சேரணும். புறப்பட்டாப் பத்தாது. சேரணும்."

"எங்கன போகணும்?"

"சிங்கப்பூரு."

கொடைக்கானலுக்கே போய்ச் சேராதவரிடம் ஏன் கடல் தாண்டச் சொன்னாள் என்று கேட்கலாம். கப்பல் ஏறிவிட்டால் பாதி வழியில் இறங்க முடியாது. அந்தக் கணக்கை அவள் வெளியே சொல்லவில்லை.

ஏற்பாடு செய்கிறவன் ராயப்பன்பட்டி பீட்டர்ராஜ். வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்கு வேன் விடுகிறவன். அவன் மச்சான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். அதை வைத்து, இந்தப் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து நாலைந்து குடும்பங்களை மே மாதம் கூட்டிப் போகிறேன் என்று கிளம்பியிருந்தான். மண்டிக்கே வந்து திட்டத்தைச் சொன்னான்.

"பிளேன்ல போனா அது பணக்காரன் டூரு, அண்ணாச்சி. கப்பல்ல போனா அது நம்ம டூரு. மதராசுல ஏறுறோம், பினாங்கு பாக்குறோம், சிங்கப்பூருல எறங்குறோம். மச்சான் வீட்டுப் பக்கத்துலயே தங்கல். அரிசி பருப்பு இங்கனருந்தே கட்டிக்கிருவோம். பொங்கித் தின்னாச் செலவு பாதி."

ஒரு வண்ணக் காகிதத்தையும் விரித்தான். பறவைத் தோட்டம், கடலுக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில். ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தண்டவாளம் எங்க?"

"அந்த ரயிலுக்கு ஒண்ணுதேன் அண்ணாச்சி."

"ஒத்தத் தண்டவாளத்துல ரயிலு சாயாதா?"

"படத்துல சாயலையே."

"இந்தக் கிளிக்கு எதுக்கு இத்தன நெறம்? பெயிண்டா?"

"அதக் கிளிகிட்டத்தேன் கேக்கணும்."

அன்று வீட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே, தன் சந்தேகத்தின் அடிமூட்டையை அவிழ்த்தார். "நம்மளக் கப்பல்ல ஏத்தி, நடுக்கடல்ல ரெண்டு சுத்துச் சுத்தி, தூத்துக்குடியில எறக்கி, இதுதேன் சிங்கப்பூருன்னு சொன்னா நமக்கு என்ன தெரியும்?"

"தூத்துக்குடியில எங்க சித்தி இருக்காக. அவுகளப் பாத்தாத் தெரிஞ்சுருமில்ல" என்றாள் சுகிர்தம். பையன் ஜெபமணிக்குப் புரையேறியது.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். "நீங்க ஏட்டையாதேங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?" என்று ஞானசிகாமணி கேட்டதில் அவர் ஆடிப்போய், கேட்க வந்த கேள்விகளையெல்லாம் மறந்து, நல்லவர் என்று எழுதிக்கொண்டு வெளியேறினார். ஆக, சர்க்காருக்கு அவர்மேல் சந்தேகம் இல்லை. அவருக்குத்தான் பீட்டர்ராஜ்மேல் தீரவில்லை. இவர்கள் சபைக்காரன் இல்லை, மாதா கோயில்காரன், அதுவும் வேன்காரன். கப்பலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் சாம்பிள் பாக்காம எந்தச் சரக்குக்கும் கை நீட்டுனதில்ல."

"சிங்கப்பூருக்கு எப்படி அண்ணாச்சி சாம்பிள் குடுக்குறது?"

"அது ஒங்க பாடு."

பீட்டர்ராஜ் ஒரு நாள் முழுக்க யோசித்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே வந்து ஒரு யோசனை சொன்னான். வர்ற ஞாயிறு, கோயில் முடிந்ததும், சிங்கப்பூருக்கு வருகிற எல்லாக் குடும்பங்களையும் தன் வேனில் வைகை அணைக்குக் கூட்டிப் போகிறான். சாப்பாடு அவன் பொறுப்பு. அங்கே எப்படிக் கவனித்துக்கொள்கிறானோ அப்படித்தான் சிங்கப்பூரிலும்.

ஞானசிகாமணி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கணத்திலேயே ஒரு விஷயம் உறைத்தது. இது அவனாக எடுத்து நீட்டுகிற சாம்பிள். இதன் அடிவயிற்றில் கையை விடுவது எப்படி?

வேன் தேனியைத் தாண்டுவதற்குள் டிரைவர் கோட்டைச்சாமியின் காதோரம் குனிந்துவிட்டார்.

"ஏப்பா, இவன் வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போன ஆளுகளையெல்லாம் திருப்பிக் கூட்டிட்டு வந்துருக்கானா?"

"ஒரு தடவ ஒரு ஆளு கூடவே வந்துச்சுங்க. போன எடத்துல பிள்ள பொறந்துருச்சு."

அணையில் புளியோதரை நன்றாக இருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. பீட்டர்ராஜ் கிழவிகளுக்குக் கை கொடுத்தான், குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்தான், எல்லோரும் தண்ணீர் குடித்த பிறகு தான் குடித்தான். இவ்வளவு பருத்த காயை மேலே அடுக்கியிருக்கிறான் என்றால் அடியில் எவ்வளவு பொக்கு இருக்க வேண்டும்! பூங்காவில் விளக்குகள் எரியத் தொடங்கி, சாராளும் ஜெபமணியும் அம்மாவோடு படிகளில் ஏறி இறங்கி விளையாடும்போது, அவருக்கு வழி தெரிந்தது. அயல்தேசத்தில் ஓர் ஆள் குறைந்தால் இவன் தேடுவானா, விட்டுவிட்டுப் போவானா? அதுதானே கேள்வி. எல்லோரும் வேனுக்குத் திரும்பும் நேரத்தில், குரோட்டன்ஸ் வேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

பீட்டர்ராஜ் தலைகளை எண்ணினான். மறுபடி எண்ணினான். "அண்ணாச்சியக் காணமே!"

கழிப்பிடத்தில் பார்த்தான். பாலத்தில் ஓடினான். காவலாளியை இழுத்துக்கொண்டு வந்தான். தண்ணீர்ப் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது அழுதேவிட்டான். வேலிக்கு மூன்று முழம் தள்ளி நின்றுகொண்டு, "மாதாவே, அண்ணாச்சி உசுரோட கெடச்சா மொட்ட போடுறேன்" என்று வாய்விட்டு வேண்டினான்.

கட்டெறும்பு காலில் ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. ஞானசிகாமணி அசையவில்லை. அழுகை உண்மைபோல இருந்தது. ஆனால் உண்மைபோல இருப்பதுதானே எப்போதும் ஏமாற்றுகிறது? இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று எறும்பைச் சகித்துக்கொண்டார்.

அப்போது சுகிர்தத்தின் குரல் கேட்டது. வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்கும் எட்டுகிற குரல்.

"பீட்டரு, வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"அக்கா! ஆள விட்டுட்டா? நான் எடுக்க மாட்டேங்க்கா."

"அவுக தண்ணியில விழுற ஆளில்ல. தண்ணி எவ்வளவு ஆழம்னு விசாரிக்காம கால வைக்க மாட்டாக. எங்கனயாச்சும் ஒளிஞ்சு நின்னு நம்மளப் பாத்துக்கிட்டு இருப்பாக. ஆண்டிபட்டிக்கு பஸ் இருக்கு. வரட்டும்."

"அப்பா!" என்று சாராள் ஒருமுறை இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு அவர் பாதி எழுந்தார். எழுந்தவர், இதுவும் தன்னை வெளியே வரவழைக்கச் செய்த ஏற்பாடோ என்று திரும்ப உட்கார்ந்தார். பெற்ற மகளையே அப்படி நினைத்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வேன் கிளம்பியது. கிளம்புகிற சத்தம் மட்டும் காட்டுவார்கள், பூங்கா வாசலில் நிற்பார்கள் என்று இருந்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் பார்த்தார். வாசலில் கடலை விற்கிறவள் மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஆண்டிபட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து போடிக்கு பஸ் மாறி, வீட்டுப் படியேறியதும், "விட்டுட்டுப் போயிட்டான் பாத்தியா!" என்றார் வெற்றியோடு.

"விட்டுட்டு வந்தது நான்" என்றாள் சுகிர்தம். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சாராள் அன்று அவரோடு பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து பீட்டர்ராஜ் வந்தான். தலை பளபளவென்று மொட்டையடித்திருந்தது. ஞானசிகாமணி எழுந்து, பக்கத்தில் போய், அது அந்த வேண்டுதலுக்கு அடித்த மொட்டைதானா என்று பார்த்தார். சந்தேகமில்லை. புது மொட்டைதான். சரக்கு சுத்தம் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பீட்டர்ராஜ், சுகிர்தம் கொடுத்திருந்த முன்பணத்தில் அவர் பங்கை ஒரு கவரில் போட்டு மேஜையில் வைத்தான்.

"அக்காவையும் பிள்ளைகளையும் கண்ணுமாதிரி கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன். ஒங்களுக்கு மட்டும் இந்தாங்க, வாங்கிக்கங்க. நானும் சாம்பிள் பாத்துட்டேன், அண்ணாச்சி. எனக்கு வேணாம்."

"என்னையவா?"

"கப்பல் பொறப்படுற நேரத்துல நீங்க ஒளிஞ்சிக்கிட்டா? பினாங்குல எறங்கி, ஏறாம நின்னு சோதிச்சா? மொட்ட போட எனக்கு ரெண்டாவது தலையா இருக்கு?"

அவரை யாரும் அதுவரை நம்பாமல் இருந்ததில்லை. அவர் மண்டிச் சொல்லை மலையே நம்பும். நாற்காலியில் உட்கார்ந்தார். "இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்" என்றார். தனக்கே அது வியாபாரி பேச்சுபோலக் கேட்டது.

"மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"எங்க சபையில சத்தியம் பண்ணக் கூடாது."

"அப்ப ஒங்களுக்கு யாராச்சும் பொறுப்பு ஏத்துக்கட்டும்."

ஞானசிகாமணி மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். "இருவது வருசமா ஏத்துக்கிட்டுத்தேன் இருக்கேன். எனக்கு லீவு வேணும்."

அவர் கவரை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நாலு பேர் மூன்று பேராகப் போகப் போகிறார்கள். போய்ச் சேரவும் போகிறார்கள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதையும் அவர் அவ்வளவு நிச்சயமாக நம்பியதில்லை.

"அப்பாவுக்கு நான் பொறுப்பு" என்றாள் சாராள்.

"பாப்பா, நீ சின்னப்புள்ள..."

"வேலூர்ல ஒரு வார்டு நோயாளிகளுக்கு என்னையத்தேன் பொறுப்பாப் போடப் போறாக, பீட்டரண்ணே. ஒரு அப்பாவப் பாத்துக்க மாட்டனா? ஆனா ஒண்ணு. வீட்டு வாசல்லருந்து திரும்பி வர்ற வரைக்கும் என் கைய விடக் கூடாது. சம்மதமாப்பா?"

எதிலும் உடனே பதில் சொல்லாதவர். "சம்மதம்" என்றார். மகள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்படித்தான் அவர் போனார். மதராஸ் துறைமுகத்தில், கப்பலின் படிக்கட்டில், பினாங்குக் கடைத்தெருவில், சுருட்டை மீசை வைத்த ஐம்பது வயது மண்டிக்காரர் பதினேழு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சிங்கப்பூரில் அந்த ஒற்றைத் தண்டவாள ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். செந்தோசாத் தீவில், சாயங்காலம், பாட்டுக்கு ஏற்றபடி தண்ணீர் எழும்பி, விழுந்து, நிறம் மாறி ஆடத் தொடங்கியபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"பின்னால ஒரு ஆளு ஒக்காந்து குழாயத் திருகுறான். ஒரே நிமிசம், பாத்துட்டு வந்துர்றேன்."

சாராள் கையை விடவில்லை. உட்கார்ந்தார்.

நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்பாள் சுகிர்தம். அவரைக் கேட்டால் வேறு சொல்வார். சிங்கப்பூர் நல்ல ஊர்தானாம். ஆனால் அந்தக் குழாய்க்காரனைப் பார்க்கவிடாமல் தன்னைப் பிடித்து வைத்துவிட்டார்களாம்.