பஞ்சாங்க உறை போட்ட செவ்வாய்க் கிரகம்

வேங்கடாச்சாரி போய்விட்டார் என்ற செய்தி பொன்மலைப் பட்டறையில் எனக்குக் கிடைத்தது. அன்று அழுதேன். பதின்மூன்றாம் நாள் சுபத்துக்கு ஸ்ரீரங்கம் போய்த் திரும்பிய பின் அருவருப்புதான் மிஞ்சியிருக்கிறது. அவரை அறிந்த உங்களிடம் அதை மறைப்பானேன்?

ரயில்வே குமாஸ்தா அவர். ஆங்கிலோ இந்திய ரயில் கார்டுகள் படித்துவிட்டுப் போடும் அமெரிக்க விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பார். அட்டையில் பல கைகளுள்ள ஜந்து ஒன்று, அரைகுறை ஆடையில் அலறும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். வீட்டார் பார்த்தால் ரகளை என்று எல்லாவற்றுக்கும் பழைய பஞ்சாங்கத் தாளில் உறை போட்டு, மேலே திருமண் வரைந்துவிடுவார். அலமாரியைப் பார்த்தால் பரம வைதீகம்.

ஞாயிறுதோறும் தெப்பக்குளப் படியில் அவரும் நானும் தோல் வியாபாரி காதர் பாயும் கூடுவோம். தொடர்கதையில் ஒரு மாத இதழ் கிடைக்காவிட்டால் நடுக்கதையை அவரே கட்டிச் சொல்வார். பிறகு அந்த இதழ் அகப்பட்டால், "நான் சொன்னதுதான் நன்னா இருந்துது, இவனுக்கு எழுதத் தெரியலை" என்பார். ஒருமுறை காதர் பாய் கையிலிருந்த முறுக்கை அவர் வாங்கித் தின்றதைப் பார்த்து, தெரிந்தவர் ஒருவர் முறைத்தார். "செவ்வாய்க்குப் போறவன்கிட்ட என்ன கோத்ரம்னு யாரு கேக்கப்போறா?" என்று வேங்கடாச்சாரி சிரித்தார்.

யுத்தம் வந்து கப்பல் நின்ற பிறகு இருந்ததையே திரும்பத் திரும்பப் படித்தோம்; கடைசியாக நான் வாங்கிப் போன இதழ் ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. தமக்குப் பின் புத்தகமெல்லாம் எங்கள் இருவருக்கும் என்று தம்பியிடம் சொல்லியும் வைத்தார்.

சுபத்தன்று போனபோது அலமாரி காலி. தம்பி நாராயணாச்சாரி வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்: "அத்தனையும் கொள்ளிடத்துல சேர்த்துட்டோம். மக்கின கிரந்தத்தை ஜலத்துல விடறதுதானே வழக்கம்?"

"எங்களுக்குத் தரச் சொன்னாரே?"

"அவன் சொல்லுவான். பகவத் விஷயம், நீங்கள்ளாம் தொடலாமோ?"

"ஒண்ணையாவது தொறந்து பாத்தீங்களா?"

"எதுக்கு?"

ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அண்ணன் ஆயுள் முழுக்க என்ன படித்தான் என்று ஒரு பக்கம் புரட்டத் தோன்றாத பக்தி அது. இலையில் உட்காராமல் எழுந்தேன். தம்பி வாசல்வரை வந்து, "உங்ககிட்ட ஒண்ணு இருக்காமே, அதையும் குடுத்துட்டா புண்ணியம்" என்றார்.

கொடுக்கவில்லை. வேங்கடாச்சாரி நினைவாக எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் அதன் உறையைக் கிழித்தெறிந்தேன். ஜந்துவும் பெண்ணும் தெரியக் கூடத்து மேசையில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் தொடலாம்.